கண் பட்டால் தோற்கும் அணி

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணி. பேஸ்பால் ஆட்டம் தொடங்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. தொக்-பே தன் மனைவியின் முன்னால் ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கொண்டுவந்து வைத்தார். அதில் துண்டு, சோப்பு, முதுகு தேய்க்கிற பச்சைத் துணி எல்லாம் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. முப்பத்தெட்டு வருடத் தாம்பத்தியத்தில் அவர் அவளுக்காக எதையும் அடுக்கி வைத்தது அதுதான் முதல் தடவை.

"தா-இன் அம்மா, கீழ்த்தெருப் பொதுக் குளியல் இல்லத்துக்குப் போயிட்டு வாயேன். வெந்நீர்ல நல்லா ஊறிட்டு, அங்கயே ஒரு தூக்கம் போட்டுட்டு, அஞ்சு மணிக்கு மேல வந்தாப் போதும்."

பில்-சுக் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை.

"இது உங்க யோசனையா, உங்க அண்ணன் யோசனையா?"

"யாரு யோசனையா இருந்தா என்ன. உனக்கும் முதுகுவலி."

"எனக்கு முதுகுவலி வந்து பதினோரு வருஷமாச்சு. இன்னிக்குத்தான் உங்களுக்குத் தெரிஞ்சுதாக்கும்."

கூடத்தில் அண்ணன் மான்-சிக் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார். வயது அறுபத்தெட்டு. புசான் அணியின் சட்டையைப் போட்டிருந்தார். வெற்றி கரைந்து போய்விடும் என்று மூன்று வாரமாக அதைத் துவைக்கவில்லை. தலையில், மைதானத்தில் எல்லோரும் ஊதிக் கட்டிக்கொள்வது போல, ஆரஞ்சு நிறக் குப்பைப் பையைக் காற்றடைத்துக் கட்டியிருந்தார். அந்தக் கோலத்தில் இருந்த மனிதருக்குத்தான், யார் எங்கே உட்கார்ந்தால் பந்து எங்கே போகும் என்பது தெரியும்.

"நான் எங்கயும் போகல. இது ஏழாவது ஆட்டம். இன்னிக்கு ஜெயிச்சாக் கோப்பை. நான் என் வீட்ல, என் சோபால உக்காந்து பாக்கப் போறேன்," என்றாள் பில்-சுக்.

தொக்-பேயின் முகம் வெளிறியது. கூடத்துக்குப் போனார். குசுகுசுப்பு கேட்டது. திரும்பி வந்தார்.

"சரி, வீட்லயே இரு. ஆனா சமையல்கட்டுல இரு. ரேடியோ கேளு. கேட்டாப் பரவால்லயாம். கண்ணு படறதுதான் ஆகாதாம்."

கேட்டால் தோற்காது, பார்த்தால் தோற்கும் என்று அந்தச் சட்டத்தில் உட்பிரிவு வரை இருந்தது. எழுதியவர் கூடத்தில் ஆரஞ்சுப் பையோடு உட்கார்ந்திருந்தார்.

பில்-சுக்குக்குப் பேஸ்பால் தெரிந்த அளவுக்கு அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. பத்தொன்பது வயதில் புசானில் ஒரு காலணி ஆலையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஆயிரக்கணக்கான பெண்கள் அடிப்பாகம் ஒட்டிய ஆலை அது. பசை நாற்றத்தில் தலை சுற்றி விழுந்தால், தண்ணீர் தெளித்து மறுபடி வரிசையில் நிறுத்துவார்கள். அந்தப் பெண்களின் உழைப்பில்தான் ஆண்களுக்கு ஒரு பேஸ்பால் அணி நடந்தது. ஆட்டக் குறிப்பு எழுத ஆள் இல்லை. கையெழுத்து அழகு என்று பில்-சுக்கைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். ஒரே மாதத்தில் கற்றுக்கொண்டாள். ஒவ்வொரு பந்துக்கும் ஒரு புள்ளி, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு கோடு. மூன்று மணி நேர ஆட்டம் ஒரே தாளில் அடங்கிவிடும்.

கிடங்கில் வேலை பார்த்த தொக்-பே அந்த அணியில் வலது ஓரத்தில் நின்று பந்து பிடிப்பவர், அல்லது பிடிக்க வேண்டியவர். ஒரு நாள் கைக்கு நேராக வந்த பந்தைக் கோட்டை விட்டார். பில்-சுக் அதைத் தவறு என்று குறித்தாள். ஆட்டம் முடிந்ததும் அவர் சண்டைக்கு வந்தார். கண்ணில் சூரியன் அடித்ததாம்.

"சூரியனுக்கு என் தாள்ல கட்டம் இல்ல," என்றாள் அவள்.

அந்தப் பதிலுக்காகத்தான் அவளைக் கட்டிக்கொண்டதாகக் கல்யாணத்தில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். நடந்ததை நடந்தபடி எழுதுகிறவள் என்பதால் பிடித்துப்போய்க் கட்டியவர், பன்னிரண்டு வருடம் கழித்து, நடக்காததை அவள் தலையில் எழுத விட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றார்.

மகள் தா-இன் பிறந்த வருடம் அது. இலையுதிர்காலம், புசான் அணி இறுதித் தொடரில். பில்-சுக் சீமைப் பனிச்சம்பழம் சீவித் தட்டோடு வந்து கணவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுத்த பந்தை எதிரணிக்காரன் மைதானத்துக்கு வெளியே அடித்தான். "இந்தப் பொண்ணு உக்காந்தா, போச்சு," என்றார் மான்-சிக். எல்லோரும் சிரித்தார்கள். பில்-சுக்கும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்துப் பின்னால் பலமுறை பல்லைக் கடித்திருக்கிறாள்.

மான்-சிக் முப்பது வருடம் கணவாய் மீன் பிடிக்கும் படகு ஓட்டியவர். அவர் படகில் பெண் கால் படக் கூடாது. பெண் வலையைத் தாண்டக் கூடாது. காலையில் கரைக்குப் போகும் வழியில் பெண் எதிரே வந்தால் திரும்பி வீட்டுக்கு வந்து, உப்புத் தூவிவிட்டு மறுபடி கிளம்புவார். பெண் காலே படாத அந்தப் படகு இரண்டு தடவை பாறையில் மோதியது. அதற்காக எந்த ஆணின் காலையும் யாரும் குற்றம் சொல்லவில்லை. அன்றைக்குக் குடித்திருந்தது யார் என்றுகூடக் கேட்கவில்லை.

விளையாட்டாய்ச் சொன்னது மறு வருடம் வழக்கமாயிற்று, அதற்கு மறு வருடம் சட்டமாயிற்று. அவள் சமையலறையில் அடைந்து கிடந்த காலத்தில்தான் அணி தொடர்ந்து நான்கு வருடம் கடைசி இடத்தில் வந்தது. அந்த நான்கு வருடமும் யாருடைய கண் பட்டது என்று ஒருவர் கேட்கவில்லை. இந்த மாதிரி நம்பிக்கைகளுக்கு ஒரு வசதி உண்டு. பலித்தது மட்டும் நினைவில் நிற்கும், பலிக்காதது காற்றில் போகும். விலை கொடுக்கிறவள் எப்போதும் அறைக்கு வெளியே நிற்கிறவள்.

வாரத்தில் ஐந்து நாள் அவள் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் தொள்ளாயிரம் பிள்ளைகளுக்குச் சமைத்தாள். கொதிக்கிற எண்ணெய்ப் புகையில் நின்று நின்று இருமல் நிரந்தரமாகிவிட்டது. ஆறாவது நாளும் ஏழாவது நாளும், ஆட்டம் இருந்தால், வீட்டில் இரண்டு ஆண்களுக்குக் கோழி பொரித்தாள்.

இரண்டு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. சியோலில் நடந்தது. கூடத்தில் மான்-சிக், தொக்-பே, இடது ஓரத்தில் தா-இன். இருபத்தாறு வயதாகிற தா-இன்னுக்குப் பேஸ்பால் என்றால் கொட்டாவி வரும். ஆனால் அவள் பிறந்ததிலிருந்தே ராசிக்காரி என்று பெரியப்பா முடிவு செய்திருந்தார். அதனால் முக்கியமான ஆட்டங்களுக்கு எல்லாம் பேருந்து ஏறி வந்து, அதே ஓரத்தில் உட்கார வேண்டும். உயிரைக் கொடுத்துப் பார்ப்பவளுக்குச் சோபாவில் இடமில்லை. பார்க்கவே பிடிக்காதவளுக்கு எழுந்துபோக உரிமை இல்லை.

"பெரியப்பா, நான் பாத்ரூம் போயே ஆகணும்," என்ற மகளின் குரல் ஐந்தாவது இன்னிங்ஸில் சமையலறைக்குக் கேட்டது.

"இந்த இன்னிங்ஸ் முடியட்டும் கண்ணு. இப்ப நீ எழுந்தா எல்லாம் திரும்பிடும்."

"எத்தனை பேர் அவுட்டானா இன்னிங்ஸ் முடியும்னே எனக்குத் தெரியாது பெரியப்பா."

"தெரியாம இருக்கியே, அதாம்மா உன் ராசி."

பில்-சுக் அடுப்புப் பக்கம் முக்காலி போட்டு உட்கார்ந்து, வானொலியைக் காதோரம் வைத்து, மடியில் தாள் விரித்து எழுதிக்கொண்டிருந்தாள். நம் அணி நாலு, சியோல் மூன்று.

இந்த வசந்தத்தில் தொக்-பே கேபிள் இணைப்பை வெட்டிவிட்டுக் கைபேசிச் செயலி வழியாகத் தொலைக்காட்சியில் ஆட்டம் பார்க்க ஆரம்பித்திருந்தார். இணையத்தில் வருகிற படம் தாமதமாக வரும். மேல்மாடிக்காரர்கள் இன்னும் கேபிளில்தான் பார்த்தார்கள். அவர்கள் கத்தி முடித்த பிறகுதான் இங்கே பந்து பறக்கும். "அந்த வீட்டுக்காரன் வாய்க்கு ஒரு பூட்டுப் போடணும்," என்று மான்-சிக் வாரம் ஒரு தடவை சொல்வார். வானொலி மேல்மாடியையும் முந்தும். சமையலறையில் பில்-சுக் கேட்டது கூடத்துக்குப் போய்ச் சேர நாற்பது விநாடி ஆகும். ஏப்ரலிலேயே அவள் அதைக் கவனித்திருந்தாள். எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிட்டாள்.

எட்டாவது இன்னிங்ஸில் சியோல் மட்டை பிடித்தது. இரண்டு பேர் அவுட், இரண்டு பேர் தளத்தில். எளிதான பந்து உருண்டு வந்தது என்றார் வர்ணனையாளர். நம் ஆள் பிடித்துவிட்டான் என்றார். பிறகு அவர் குரல் உடைந்தது. எறிந்த பந்து முதல் தளக்காரன் தலைக்கு மேலே போய்விட்டது. இரண்டு பேரும் ஓடி வந்துவிட்டார்கள். ஐந்துக்கு நாலு.

நல்ல செய்தி என்றால் பில்-சுக் காதால் கேட்டே நம்பிவிடுவாள். கெட்ட செய்தியைக் கண்ணால் பார்க்காமல் அவளால் நம்ப முடியாது. பென்சிலைப் போட்டுவிட்டுக் கூடத்து வாசற்படிக்கு ஓடினாள். திரையில் பந்து வீச்சாளன் அப்போதுதான் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

மான்-சிக் திரும்பினார். "ஏம்மா, ஏம்மா வந்தே. போம்மா உள்ள, போயிடும்மா."

அவள் நகரவில்லை. பந்து உருண்டது. பிடித்தான். எறிந்தான். தலைக்கு மேலே போயிற்று.

மான்-சிக் தலையில் இருந்த பையைப் பிய்த்துத் தரையில் அடித்தார். "பாத்தியாடா தொக்-பே. உன் கண்ணாலயே பாத்தியா. இது பத்தாவது தடவை. நான் ஒண்ணும் வாய்க்கு வந்ததைச் சொல்லல, தேதி போட்டு எழுதி வச்சிருக்கேன்." கைபேசியை எடுத்துத் தம்பியிடம் நீட்டினார். தொக்-பே வாங்கவில்லை. பில்-சுக் வாங்கினாள்.

ஒன்பது வரிகள் இருந்தன. ஏப்ரல் இருபது, எட்டிப் பார்த்தாள், ஹோம் ரன் போயிற்று. ஜூன் பதினாலு, கதவருகே நின்றாள், பந்தை நழுவவிட்டான். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் எல்லாம் அப்படியே. ஒவ்வொன்றும் அவளுக்கு நினைவிருந்தது. ஒவ்வொரு தடவையும் வானொலியில் முதலில் கேட்டு, நம்ப முடியாமல் ஓடி வந்திருக்கிறாள். பானை உடைந்த சத்தம் கேட்டு ஓடி வந்தவளைப் பிடித்து, நீ வந்ததால்தான் உடைந்தது என்று தேதி போட்டு எழுதியிருக்கிறார்கள். சமையலறைக்குள் தள்ளியதும் அவர்கள்தான். ரேடியோ கேட்டுக்கொள் என்று சொன்னதும் அவர்கள்தான். அந்த ரேடியோவே குற்றப்பத்திரிகை ஆகியிருக்கிறது.

அவள் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள். உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். எண்ணெயில் பாதி வெந்த கோழி அப்படியே கிடந்தது. வானொலியை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில், சோபாவின் மத்தியில் உட்கார்ந்தாள்.

"தா-இன் அம்மா," என்றார் தொக்-பே, கெஞ்சுகிற குரலில்.

"பேசாம இருங்க. ஒன்பதாவது இன்னிங்ஸ்."

நம் அணி மட்டை பிடிக்க வேண்டிய முறை. வானொலியைக் காதோடு ஒட்டிக்கொண்டாள். திரையில் விளம்பரம்கூட முடியவில்லை.

"முதல் பந்து விட்டுடுவான். ரெண்டாவதை அடிப்பான். நடுவுல உருண்டு போய் அவுட்."

"வாயை மூடும்மா," என்றார் மான்-சிக். "சொல்லிச் சொல்லியே..."

விளம்பரம் முடிந்தது. முதல் பந்தை விட்டான். இரண்டாவதை அடித்தான். உருண்டது. அவுட்.

"அடுத்தவன் நாலு பந்தையும் தொட மாட்டான். சும்மாவே முதல் தளத்துக்குப் போவான்."

போனான். மான்-சிக் சோபாவின் ஓரத்துக்கு நகர்ந்தார். அவர் முகத்தில் இப்போது கோபம் இல்லை, பயம் இருந்தது. "தொக்-பே, இவளுக்கு எதாவது இறங்கியிருக்காடா?"

"ரேடியோ இறங்கியிருக்கு அத்தான்," என்றாள் பில்-சுக். "இது இப்ப நடக்கறது. நீங்க பாக்கறது நாப்பது விநாடிக்கு முந்தி நடந்து முடிஞ்சது. அவன் பந்தைத் தலைக்கு மேல எறிஞ்சு, ரெண்டு பேரும் ஓடி முடிச்ச பின்னாடிதான் நான் கதவுகிட்டயே வந்தேன். பத்து தடவையும் அப்படித்தான். நடந்து முடிஞ்ச ஒண்ணை நான் எட்டிப் பாத்துக் கெடுத்துட்டேன்னு எழுதி வச்சிருக்கீங்க."

தா-இன் முதலில் புரிந்துகொண்டாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கியதில் வேறு சங்கடமும் வந்தது. "பெரியப்பா, இப்ப நான் சிரிச்சா பாத்ரூம் வரைக்கும் தாங்காது. அம்மா வந்ததால தோக்கல. தோத்ததால அம்மா வந்தாங்க."

தொக்-பே தரையைப் பார்த்தபடி விரல்களை எண்ணினார். "அப்ப அந்த ஜூன் மாசம்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். ஜூன் மாதம் அந்த நழுவலுக்குப் பிறகு மூன்று நாள் அவளோடு பேசாமல் இருந்தார்.

"செயலி இந்த வருஷந்தானே வந்துச்சு," என்றார் மான்-சிக். "அன்னிக்குப் பழத்தட்டோட வந்தியே, அதுக்கு என்ன சொல்றே? அப்ப ஏது இதெல்லாம்?"

"அன்னிக்கு அந்த ஆளு நல்லா அடிச்சான் அத்தான். அவ்வளவுதான். அடிக்கத் தெரிஞ்ச மனுஷன் அடிச்சான்."

வானொலியை அணைத்து மேசையில் வைத்தாள். "போதும். இனிமே எல்லாரும் ஒண்ணாவே பாக்கலாம்."

அடுத்தவன் அவுட். இரண்டு அவுட் ஆகிவிட்டது. முதல் தளத்தில் நின்றவன், பந்து வீசப்படும்போதே ஓடி இரண்டாவது தளத்தைத் திருடிவிட்டான். இப்போது மட்டை பிடித்தவன் அணியின் கேட்சர், மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிப்பவன், முப்பத்தாறு வயது, இரண்டு முழங்காலிலும் அறுவைச் சிகிச்சை.

"வெளிப்பக்கம் போற பந்துன்னா தடுமாறுவான்," என்றாள் பில்-சுக், யாரிடமும் என்றில்லாமல். "இன்னிக்கு அரையடி முன்னாடி நிக்கிறான் பாருங்க. யோசிச்சுட்டு வந்திருக்கான்."

தொக்-பே திரையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "ஆமா, முன்னாடிதான் நிக்கிறான்," என்றார் மெதுவாக.

இரண்டு பந்து போயிற்று. மூன்றாவதைக் கோட்டுக்கு வெளியே அடித்தான். நான்காவதையும் அப்படியே. பில்-சுக் மூச்சு விடவில்லை. இத்தனை வருடம் கழித்து, காதால் அல்ல, கண்ணால், அந்த முழங்கால் மடங்குவதைப் பார்த்தாள், மட்டையின் நுனி நடுங்குவதைப் பார்த்தாள்.

மேல்மாடியிலிருந்து ஒரு நீண்ட முனகல் கேட்டது. பிறகு அந்தக் கட்டடம் முழுவதும் அமைதியாயிற்று.

நாலு பேருக்கும் தெரிந்துவிட்டது. திரையில் பந்து வீச்சாளன் இன்னும் பந்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பந்து வந்தது. அடித்தான், நன்றாகவே அடித்தான். இடது ஓரத்தில் ஒருவன் பின்னால் ஓடி, சுவரோரம் எழும்பி, பிடித்துவிட்டான்.

தா-இன் எழுந்து பாத்ரூமுக்கு ஓடினாள்.

மான்-சிக் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே எழுந்தார். "என்ன விளக்கம் சொன்னா என்ன. கடைசில நடுவுல வந்து உக்காந்தா. முடிஞ்சுது."

தொக்-பே, "அண்ணே," என்றார்.

பில்-சுக் எழுந்து நின்றாள். அவள் குரல் உயரவில்லை.

"இருபத்தாறு வருஷம் அத்தான். இந்த அணி தோத்த ஒவ்வொரு தடவையும் உங்களுக்கெல்லாம் துக்கம். குடிச்சீங்க, அழுதீங்க, ஒருத்தரை ஒருத்தர் கட்டிக்கிட்டீங்க. எனக்கு மட்டும் குத்தம். தலையைக் குனிஞ்சுட்டுப் பாத்திரம் தேச்சேன். எனக்கும் இது என் அணிதான். எனக்கும் வயிறு எரிஞ்சுது. அந்தத் துக்கத்தை ஒரு நாளாவது பட விட்டீங்களா?"

"நான் ஏதோ விளையாட்டுக்குச் சொன்னது..."

"விளையாட்டுக்குச் சொல்றவங்க தேதி போட்டு எழுதி வைக்க மாட்டாங்க. சோபால உக்கார விடாம முதுகுவலிக்குக் கூடை கட்டி அனுப்ப மாட்டாங்க. பந்தை எறியத் தெரியாம எறிஞ்சவன் சியோல்ல இருக்கான். மாசா மாசம் சம்பளம் வாங்குறான். அவனை ஒரு வார்த்தை கேட்டீங்களா? பிடிச்சுக் கேக்க நான் பக்கத்துல இருந்தேன், அதானே."

மான்-சிக் செருப்பை மாட்டிக்கொண்டு, தம்பியைப் பார்த்து, "வாடா, சோஜு குடிச்சுட்டு வரலாம்," என்றார். தோற்ற நாளில் அவர்கள் எப்போதும் அப்படித்தான் செய்வார்கள். எதிரணி கொண்டாடுவதை அந்த வீட்டில் யாரும் ஒருநாளும் பார்த்ததில்லை.

தொக்-பே பழக்கத்தில் ரிமோட்டை எடுத்துத் திரையை அணைக்கக் கை நீட்டினார். பில்-சுக் அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நான் பாத்துட்டிருக்கேன்."

"என்னத்தைப் பாக்கப் போறே. அவனுங்க குதிக்கிறதையா?"

"ஆமா. அந்த இடது பக்கத்துக்காரன் சுவத்துல ஏறிப் பிடிச்சான். அதை மறுபடி காட்டுவாங்க. கோப்பை வாங்கறதையும் காட்டுவாங்க. நம்ம பசங்க அழுவாங்க, அதையும் காட்டுவாங்க. முழுசாப் பாக்கணும் எனக்கு."

கதவு சாத்திய சத்தம் கேட்டது. மான்-சிக் தனியாகத்தான் போனார். தொக்-பே கூடத்தின் நடுவில், போவதா உட்காருவதா என்று தெரியாமல், திரைக்கு முன்னால் நின்றார். திரையில் முப்பத்தாறு வயது கேட்சர் தலைக்கவசத்தைக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்திருந்தான். பில்-சுக்கின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. அவள் துடைக்கவில்லை.

"என்ன நிக்கிறீங்க," என்றாள். "ஒண்ணு உக்காருங்க, இல்ல தள்ளி நில்லுங்க. மறைக்குது."